கும்மிடிப்பூண்டியில் ஒரு விசில் பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காற்றுக்குக் காசு உண்டு. மரத்தடியில் சும்மா வீசுகிற காற்றைச் சொல்லவில்லை. கம்ப்ரஸர் போட்டு அழுத்தி, குழாயில் அடைத்து, மிஷினுக்கு அனுப்புகிறோமே, அந்தக் காற்று. அது எங்காவது ஓர் இணைப்பில் 'உஸ்...' என்று கசிந்தால் கரண்ட் பில்லில் தெரிந்துவிடும். அந்த 'உஸ்'ஸைத் தேடிப்பிடித்து அடைப்பதுதான் 28 வருஷமாக என் பிழைப்பு. 'தூக்கத்துல குழந்தை பெருமூச்சு விட்டாக்கூட எழுந்து வாஷர் தேடுவாரு' என்று என் வீட்டுக்காரி சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பாதி உண்மை.

இந்தப் புகழ்தான் வாத்தியாரை என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். எழுபதைத் தாண்டியவர். கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"தம்பி, காத்துன்னா நீங்கதான்னு ஊர்ல சொல்றாங்க. எங்க கோயில் பெட்டிக்கு மூச்சு வாங்குது. ஒரு தடவை வந்து பார்ப்பீங்களா?"

கோயில் என்று அவர் சொன்னது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன சர்ச்சை. பெட்டி என்றது அங்கே இருக்கும் கால் ஆர்மோனியத்தை. உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே வாசிக்கிற பழைய சாமான். போய்ப் பார்த்தேன். மிதித்தால் சத்தம் வருவதற்குப் பதில் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுகிற ஓசை வந்தது.

சுற்றிலும் கமிட்டி நின்றுகொண்டிருந்தது. கமிட்டியில் இரண்டு கட்சி. இளைஞர் கட்சிக்குக் கீபோர்டு வேண்டும். "அறுநூறு சத்தம் இருக்கு அங்கிள். சர்ச் ஆர்கன்னே தனியா ஒரு பட்டன் இருக்கு" என்றான் ஒரு பையன். பொருளாளர் கட்சிக்கு இடம் வேண்டும். அவர் ஏற்கெனவே காயலான் கடைக்காரரை அழைத்து வந்து காட்டிவிட்டாராம். வந்தவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள இருக்கிற நாக்கெல்லாம் பித்தளையா? எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டிருக்கிறார்.

வாத்தியார் எந்தக் கட்சியிலும் இல்லை. நாற்பது வருஷம் அந்தப் பெட்டியை வாசித்தவர் அவர். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. பெட்டியும் ஒத்துழைக்கவில்லை. இரண்டில் எது முதலில் நின்றது என்று அவருக்கே சந்தேகம்.

"அடுத்த கமிட்டி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஆனா கை வைக்கிறதுக்கு முன்னாடி, இதோட தாத்தாவை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுவோம். ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

* * *

கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் புறநகர் ரயிலில் ஞாயிறு காலை ஜன்னலோர இடம் கிடைப்பது புண்ணியம். கவரைப்பேட்டையில் வயல் வாசனை. பொன்னேரி வந்ததும் வாத்தியார் கிழக்கே கையைக் காட்டினார். "இப்படியே போனா பழவேற்காடு. 1613-ல டச்சுக்காரன் ஜெல்ட்ரியான்னு கோட்டை கட்டினான். கோட்டை போச்சு, கல்லறை நிக்குது. உப்புக் காத்து எதையுமே சும்மா விடாது தம்பி. நம்ம பெட்டிக்கும் அதான் வியாதி."

மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று வரிசையாகப் புகைபோக்கிகள். நான் அவற்றைக் குழாய்களாகப் பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எந்தக் குழாய்க்கு என்ன ஸ்வரம் என்று யோசித்துக்கொண்டே சென்ட்ரலில் இறங்கினேன்.

ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தால், எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். பழைய சென்னைக்காரர்கள் 'கர்க்' என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். சதுப்பு நிலமாக இருந்ததால் கிணறு கிணறாக இறக்கி, அதன் மேல் அஸ்திவாரம் போட்டார். 1821-ல் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் பெரிய வட்டக் கூரை. நீலம் பூசி, தங்க நட்சத்திரங்கள். தாங்கி நிற்க 16 தூண்கள். நேர் எதிரே, எல்லோரும் பார்க்கிற மாதிரி, அந்தத் தாத்தா!

பைப் ஆர்கன். வண்ணம் தீட்டிய குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்து கப்பலில் வந்து, 1883-ல் இங்கே பொருத்தினார்கள்.

வாசிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் காதில் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சில் கேட்டது. பிறகு நெஞ்சுக்கூட்டில். எங்கள் பேக்டரியில் பெரிய கம்ப்ரஸர் ஓடும்போது தரை அதிரும், அது அதட்டல். இது யாரோ முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது.

பிரார்த்தனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"1821-க்கும் 1883-க்கும் நடுவுல எத்தனை வருஷம்?"

"அறுபத்திரண்டு."

"கோயில் எழும்பின காலத்துல ஸ்காட்லாந்துல அவங்க சபையில வாத்தியத்துக்கே இடம் கிடையாது. மனுஷன் குரல் மட்டும்தான். ஆர்கனைக் கேலியா 'விசில் பெட்டி'ன்னுதான் சொல்லுவாங்க. 1807-ல கிளாஸ்கோவுல ஒரு போதகர் ஆர்கன் வாசிக்க வச்சாரு. பெரிய ரகளை. மேலிடம் தடை போட்டுடுச்சு. அப்புறம் எடின்பரோவுல ராபர்ட் லீன்னு ஒருத்தர் 1863-ல முதல்ல ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து வச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்கன். அதுக்கும் சண்டை. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா கதவு திறந்துச்சு."

"அப்போ ஆர்மோனியம்தான் முன்னாடி போய் வழி விட்டுச்சா?"

"பேரன் போய்த் தாத்தாவுக்கு இடம் போட்ட மாதிரி!" என்று சிரித்தார்.

நமக்கு இது புதிதா என்ன! ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தைக் கல்கத்தாக்காரர்கள் காலை வெட்டி, தரையில் உட்கார்ந்து வாசிக்கிற கைப்பெட்டியாக மாற்றினார்கள். ஊரெல்லாம் பரவியது. கமகம் வராத பெட்டி என்று சங்கீதக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பாரதியாரே அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடை போட்டு, 1971-ல்தான் தளர்த்தியது. இன்றைக்கு ஆர்மோனியம் இல்லாத பஜனை உண்டா? யாராவது அதை எடுத்துவிட்டுக் கீபோர்டு வைத்தால், 'சம்பிரதாயம் போச்சே' என்று நாமே சண்டைக்குப் போவோம்.

* * *

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். இந்த ஆர்கன் என்பது என்ன? காற்றைச் சேர்த்து வைக்க ஒரு துருத்தி. அதன் தலையில் பாரம். அந்தக் காற்று ஒரு மரப்பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் மேல் குழாய்கள். கட்டையை அழுத்தினால் கீழே ஒரு சின்ன மூடி திறந்து, அந்தக் குழாய்க்கு மட்டும் காற்று போகும். அவ்வளவுதான். எங்கள் பேக்டரியில் வால்வு இருக்கிற இடத்தில் இங்கே சங்கீதம்.

ஆனால் அழுத்தத்தைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் லைனில் வைத்திருப்பது 7 கிலோ. ஆர்கனுக்கு? சாதாரணமாக 3 அங்குலத் தண்ணீர்! அதாவது, வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீரை 3 அங்குலம் தூக்கினால் போதும். எங்கள் 7 கிலோ அதே தண்ணீரை 70 மீட்டர் தூக்கும். கிட்டத்தட்ட 900 மடங்கு. அவ்வளவு அழுத்தத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கொடுப்பது காதடைப்பு. அந்த 3 அங்குலம் பெஞ்சை அசைக்கிறது.

இனி, இந்த மாதிரிப் பெட்டிகளை உலகம் முழுக்க என்னவெல்லாம் மாற்றினார்கள் என்று வாத்தியார் சொன்ன கதை.

முதல் மாற்றம், ஆளை மாற்றியது. 1883-ல் சென்னையில் மின்சாரம் ஏது? அந்தக் காலத்து ஆர்கனுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், ஒருவர் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருப்பார். ஒரு பழைய கதை உண்டாம். வாசித்து முடித்த வித்வான், "இன்றைக்கு நான் பிரமாதமாக வாசித்தேன்" என்றாராம். பின்னாலிருந்து துருத்திக்காரர் தலையை நீட்டி, "நாம வாசிச்சோம்னு சொல்லுங்க" என்றார். வித்வானுக்குக் கோபம். மறுநாள் கச்சேரி நடுவில் காற்று நின்றுவிட்டது. வித்வான் வேர்த்து விறுவிறுத்துப் பின்னால் போய், "சரிப்பா, நாமதான்!" என்ற பிறகுதான் காற்று வந்ததாம். 20-ஆம் நூற்றாண்டில் மின்சார ஊதி வந்து இந்த 'நாம'வை வீட்டுக்கு அனுப்பியது.

இரண்டாவது, விரலுக்கு உதவி. குழாய் அதிகமானால் கட்டை கனக்கும். 1830-களில் பார்க்கர் என்பவர், காற்றையே வைத்து மூடியைத் திறக்க ஒரு சின்னத் துருத்தி லீவர் கண்டுபிடித்தார். காருக்குப் பவர் ஸ்டியரிங் வருவதற்கு வெகு காலம் முன்பே ஆர்கனுக்கு வந்துவிட்டது!

மூன்றாவது, சுருதி. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் சுருதி வேறு. சுருதியை ஏற்ற வேண்டுமென்றால் குழாயை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். இந்த இடத்தில் வாத்தியார் குடையால் தரையைத் தட்டினார். "மோட்டார் வச்சா, நாளைக்கு எடுத்துடலாம். லீவர் வச்சா கழட்டிடலாம். வெட்டின குழாய் திரும்ப வளருமா தம்பி?"

வெட்டுக்கு எப்போதும் சங்கீதம் காரணம் என்றும் இல்லை. முதல் உலகப் போரில், 1917-ல், ஜெர்மனியில் ஆர்கன்களின் முகப்பிலிருந்த வெள்ளீயக் குழாய்களை அரசாங்கமே கழற்றிக்கொண்டு போனது. யுத்தத்துக்கு உலோகம் வேண்டுமாம். நம் ஊர் காயலான் கடைக்காரர் கேட்ட அதே கேள்விதான். எத்தனை கிலோ தேறும்?

வெயிலும் சும்மா இருக்காது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். குழாயின் சுருதி ஏறும். காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஆனால் சீவாளி மாதிரி நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு அசையாது. ஒரே பெட்டிக்குள் மாமியார், மருமகள் மாதிரி இரண்டு சுருதி! மழைக்காலத்தில் மரம் ஊதும். விரலை எடுத்த பிறகும் ஒரு ஸ்வரம் மட்டும் நிற்காமல் கத்தும். தோலை எலி பார்த்துக்கொள்ளும், மரத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

"அப்போ நம்ம மாதிரி ஊருக்கு இது ஒத்தே வராதா?" என்றேன்.

"பிலிப்பைன்ஸ்ல லாஸ் பின்யாஸ்னு ஒரு ஊர்" என்று ஆரம்பித்தார். "டியேகோ செரான்னு ஒரு பாதிரியார். உலோகத்துக்குப் பதிலா மூங்கில் வெட்டினாரு. பூச்சி அரிக்காம இருக்கக் கடற்கரை மணல்ல புதைச்சு வச்சு எடுத்தாரு. 1816-ல ஆரம்பிச்சு 1824-ல முடிச்சாரு. மொத்தம் 1,031 குழாய். அதுல 902 மூங்கில்! பூகம்பமும் புயலும் அதைப் படுத்தாத பாடு இல்லை. கடைசியில 1973-ல கழட்டி ஜெர்மனியில பான் நகரத்துக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு அறையில பிலிப்பைன்ஸ் புழுக்கத்தையே உண்டாக்கி, அதுக்குள்ள வச்சு ரிப்பேர் பண்ணினாங்க. 1975-ல வீடு திரும்பிச்சு."

குளிர்நாட்டில் உட்கார்ந்து நம் ஊர்ப் புழுக்கத்தைக் காசு கொடுத்து உண்டாக்கினார்கள்! எங்கள் ஷெட்டில் ஓசியாகவே கிடைக்கிறது.

பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்து ஆர்கன் கதையும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டுக் குழாய்களை உள்ளே வைத்துக்கொண்டே 1868-ல் கவாயே கோல் என்பவர் அதைப் புதிதாக்கினார். பின்னால் மின்சாரம் வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. 2019-ல் கூரை எரிந்தபோது கிட்டத்தட்ட 8,000 குழாய்களும் தப்பின; ஆனால் ஈயத் தூசி மூடிவிட்டது. கழற்றி, துடைத்து, மாட்டி, 2024 டிசம்பரில் மறுபடி வாசித்தார்கள்.

திரும்பும் ரயிலில் வாத்தியார் தூங்கிவிட்டார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். இவ்வளவு மாற்றிய பிறகும் அது ஆர்கன்தான். மாற்றாமல் விட்டிருந்தால் விறகு. அப்படியானால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? எங்கள் பேக்டரியில் ஒரு விதி உண்டு. எதைக் கழற்றினாலும் லாக் புக்கில் எழுது. கழற்றிய சாமானைத் தூக்கி எறியாதே. இருபத்தெட்டு வருஷமாக அந்த விதியைத் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

* * *

அடுத்த சனிக்கிழமை கால் ஆர்மோனியத்தின் பின்பலகையைக் கழற்றினேன். எலிப்புழுக்கை, இரண்டு ஹேர்பின், ஒரு பழைய பத்து பைசா. துருத்தித் துணி கிழிந்து தொங்கியது. டார்ச்சை உள்ளே அடித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பலகையின் உட்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. ஒரே கையெழுத்து இல்லை, நாலைந்து. 'பங்குனி மாதம். துருத்தித் துணி மாற்றினது.' வருஷம் அழிந்துவிட்டது. அதன் கீழே, 'இடது மிதி வார் புதிது. பழையது உள்ளே வைத்திருக்கிறேன்.' தேடினேன். சுருட்டி மூலையில் இருந்தது! அதற்கும் கீழே, கொஞ்சம் கோபமான எழுத்தில்: 'இந்த ஆணியை யாரும் கழற்றக்கூடாது.'

கழற்றவில்லை.

வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நாப்பது வருஷம் முன்பக்கமே உட்கார்ந்திருந்துட்டேன் தம்பி" என்றார்.

துணியை மாற்றினேன். வாத்தியார் முட்டிக்காக ஒரு சின்ன ஊதி மோட்டார். இந்தப் பெட்டி காற்றை வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கிற வகை. அதனால் மோட்டாரும் உறிஞ்ச வேண்டும். சத்தம் கேட்காமலிருக்க மோட்டாரை வராந்தாவில் வைத்து ஹோஸ் இழுத்தேன். பெட்டியில் ஓட்டை போடவில்லை. ஒரு பலகையைக் கழற்றி, அதே அளவில் புதுப் பலகை செய்து, அதில்தான் ஓட்டை. மிதிகள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே. மோட்டாரை எடுத்துவிட்டால் பழைய பெட்டி.

தொழில் புத்தி போகுமா? முதல் ஓட்டத்தில் அழுத்தம் அதிகமாகி, பெட்டி கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் மாதிரி அலறியது. சாலையில் போன ஒரு மாடு நின்று பார்த்தது. பிறகு தண்ணீர்க் குழாய் வைத்து அளந்து, அங்குலக் கணக்குக்கு இறக்கினேன். ஹோஸில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டேன். கரண்ட் போனாலும் காற்று பின்வாசல் வழியே ஓடாது. ஒரு கும்மிடிப்பூண்டிக்காரன் இதை யோசிக்காமல் இருப்பானா!

கமிட்டியில் சண்டை நடந்தது. முடிவில் கீபோர்டும் வாங்கினார்கள், பெட்டியும் நின்றது. பொருளாளர் மட்டும் என்னிடம் வந்து, "மோட்டாருக்கு பில் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் ஞாயிறு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் காலை நீட்டிச் சௌகரியமாக வைத்துக்கொண்டு வாசித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில், வழக்கம்போல, கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. கீபோர்டு விளக்கு அணைந்தது. வராந்தா மோட்டார் 'ஊ...ம்' என்று அடங்கியது. பெட்டியும் ஸ்வரம் இறங்கிக்கொண்டே வந்தது. வாத்தியார் காலை மிதியில் வைத்துப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை.

அறுநூறு சத்தம் என்று சொன்ன பையன் சட்டென்று தரையில் உட்கார்ந்தான். பெட்டிக்கு அடியில் குனிந்து, இரண்டு கையாலும் மிதிகளை மாற்றி மாற்றி அமுக்க ஆரம்பித்தான். பெட்டி மூச்சு வாங்கியது. ஸ்வரம் ஏறி நிலைத்தது. பாட்டு முடிகிறவரை அவன் தலை வெளியே தெரியவில்லை.

முடிந்ததும் நான் மெதுவாகப் பின்பக்கம் போய், பென்சிலை எடுத்து, ஆணிக்காரர் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'துணி மாற்றினது. மோட்டார் வைத்தது. பழைய பலகை உள்ளே இருக்கிறது.'

எழுதிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் அந்தப் பையனின் குரல் கேட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டிருப்பான் போல.

"தாத்தா, நல்லா வாசிச்சோம்ல?"